இரவல் முற்றம் – அத்தியாயம் 14: ஆறாம் பக்கத்து அஞ்சலி

“உங்க ஆறாம் பக்கத்து ஆளு காலைல வந்து ரொட்டி வாங்கிட்டுப் போனாரு,” என்றாள் பேக்கரிக்காரி சாயோ.

ஒத்திலியா காதில் அது சரியாக விழவில்லை. வாசலோரக் கம்பி ஸ்டாண்டிலிருந்து போன மாதத்து இதழ்களை எடுத்துவிட்டுப் புதுக் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். குனிந்தால் முழங்கால் பிடித்தது, நிமிர்ந்தால் இடுப்பு. வயதைச் சொல்வதா, வேலையைச் சொல்வதா என்று யோசிப்பதைக்கூட அவள் விட்டு நாளாகிறது.

“யாரு?”

“அதான், செத்துப்போனவரு.”

“சாயோ, எனக்கு இன்னிக்கு விளையாடத் தெம்பு இல்ல.”

“எனக்கு மட்டும் இருக்கா? இருட்டுல எழுந்து மாவு பிசைஞ்சவ நான். டோன் காஸ்துலோ வந்தாருங்கறேன். கையில உங்க புத்தகம். நேத்து சாயங்காலமே சலூன்ல போட்டுட்டீங்களாமே, முடி வெட்டிக்கப் போன எடத்துல பாத்திருக்காரு. இங்க நின்னு கண்ணாடிய நெத்திக்கு ஏத்திக்கிட்டு மறுபடியும் முழுசாப் படிச்சாரு.”

“படிச்சுட்டு?”

“‘நல்லா எழுதியிருக்கான்’னாரு. அப்புறம் இன்னொரு ரொட்டி கேட்டாரு.”

ஒத்திலியா கையிலிருந்த கட்டைக் கீழே வைத்தாள். மேலே இருந்த பிரதியை எடுத்து ஆறாம் பக்கத்தைத் திருப்பினாள். ஊரின் மேற்குப் பக்கத்தில் எல்லாரும் மரியாதையாக ‘டோன்’ போட்டு அழைக்கும் காஸ்துலோ பெர்லாங்கா, அக்கார்டியனை மார்போடு அணைத்துக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். மேலே கொட்டை எழுத்தில், ‘மேற்குப் பக்கத்தின் மூச்சு நின்றது’ என்று தலைப்பு. கீழே அவளுடைய புருஷன் எவரிஸ்தோவின் பெயர்.

அந்தப் பக்கத்தை அச்சுக்கு அனுப்பியது அவள்தான். இரண்டு காற்புள்ளிகளை எடுத்தது நினைவிருந்தது. படிக்கும்போது கண் கலங்கியதும் நினைவிருந்தது. ஒரு போன் போட்டுக் கேட்க வேண்டும் என்று தோன்றியதாக மட்டும் நினைவில்லை.

“உக்காரு,” என்று சாயோ பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள். “மொகமே சரியில்ல. காப்பி குடிக்கிறியா?”

“வேண்டாம். மக வண்டியில காத்துக்கிட்டிருக்கா.”

*

வண்டிக்குள் மை வாசனையும் காகித வாசனையும். நெரெய்தா ஸ்டியரிங்கில் சாய்ந்துகொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாயும் மகளும் தனியாக ஒரே இடத்தில் அரை மணி நேரம் சேர்ந்து இருந்தது அந்த வாரத்தில் அன்றுதான். ஹூஸ்டன் வானொலி நிலையத்தில் வேலை கிடைத்த செய்தியை நெரெய்தா அம்மாவிடம் சொன்ன நாளிலிருந்து இருவருமே ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் நடமாடினார்கள். “அப்பாகிட்ட நானே சொல்றேன், நீ முந்திக்காத,” என்று மகள் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒத்திலியா முந்திக்கொள்ளவில்லை. இந்தப் பத்திரிகையின் பக்கங்களை வடிவமைப்பதும், வண்டி ஓட்டுவதும், விழாக்களில் மேசை போட்டு உட்காருவதும் இந்த ஒரு பெண்தான். அவள் போய்விட்டால் ‘முற்றம்’ என்ன ஆகும் என்ற கேள்வியை இருவரும் வாயெடுத்துக் கேட்கவில்லை.

‘பாத்தியோ பிரெஸ்தாதோ’ என்பது பத்திரிகையின் முழுப் பெயர், ஸ்பானிஷில். இரவல் முற்றம். முதல் இதழை யாரோ ஒருவர் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து பக்கம் பக்கமாக ஒட்டித் தயாரித்ததால் வந்த பெயர். சான் அந்தோனியோவின் மேற்குப் பக்கத்தில் எந்தச் சலவைக் கடைக்கு, எந்த டயர் கடைக்குப் போனாலும் அது கிடைக்கும். யார் கல்யாணத்தில் எந்த பேண்ட் வாசித்தது, எந்த நடன ஹாலை இடிக்கப் போகிறார்கள், எந்த வீட்டுப் பெண் புதிதாக அக்கார்டியன் எடுத்து மேடை ஏறியிருக்கிறாள் என்பதெல்லாம் அதில் வரும். இத்தனை வருஷத்தில் எழுத்துப்பிழை வந்திருக்கிறது, படம் மாறியிருக்கிறது. உயிரோடு இருப்பவரைக் கொன்றதில்லை.

“டோன் காஸ்துலோ சாகல,” என்றாள் ஒத்திலியா.

நெரெய்தா போனிலிருந்து தலையைத் தூக்கினாள். “என்னம்மா சொல்ற?”

“காலைல ரொட்டி வாங்கியிருக்காரு.”

நெரெய்தா சிரிக்கப் போனாள். அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். பிறகு போனைத் திருப்பிக் காட்டினாள். ஆறாம் பக்கத்தை யாரோ படம் பிடித்துப் போட்டு, அதன் கீழே ஊரே அழுதுகொண்டிருந்தது. உள்ளூர் வானொலி காலையிலிருந்து அவருடைய பழைய போல்கா நடன மெட்டுகளையே போட்டுக்கொண்டிருக்கிறதாம். சாயங்காலம் அவர் வீட்டில் ஜெபமாலை என்று யாரோ அறிவித்திருந்தார்கள்.

“அவர் வீட்லயா?”

“அப்படித்தான் போட்டிருக்கு.”

“அங்க அவருதானே இருக்காரு.”

இப்போது இருவருக்கும் சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் ஒத்திலியாவுக்கு இன்னும் அதிகக் களைப்பாக இருந்தது.

“இப்பவே திருத்தம் போட்டுடறேன்,” என்றாள் நெரெய்தா. “நெட்ல போட்டா ஒரு நிமிஷம்.”

“இரு. மொதல்ல அப்பாகிட்ட கேப்போம்.”

*

வீட்டுக்குப் பின்னாலிருந்த கார் ஷெட்தான் அலுவலகம். சுவர் முழுக்கப் பழைய இதழ்களின் அட்டைகள். எவரிஸ்தோ ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் நடக்கும் இசை விழாவுக்குப் போட வேண்டிய வெள்ளைச் சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அந்த விழா மேடையில் வருஷாவருஷம் அறிவிப்பாளர் அவர்தான். வானொலியில் நாற்பது வருஷம் பேசிய குரல், மைக் இல்லாமலே பூங்காவின் கடைசி வரிசைவரை போகும்.

“தீலா, போன் அடங்கவே இல்ல,” என்றார். பெண்டாட்டியை அவரும் அவருடைய சிநேகிதர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். “ஜனங்க அழுவுறாங்க. நான் எழுதினதுலயே இதான் நல்லா வந்திருக்குன்னு ஒருத்தர் சொன்னாரு.”

“நல்லாத்தான் வந்திருக்கு. காஸ்துலோ செத்த சேதிய உனக்கு யாரு சொன்னது?”

“நாச்சோ. போன் பண்ணினான்.”

“அவன் சொன்னத வச்சு எழுதினியா?”

“அதை மட்டும் வச்சு எழுதுவேனா? அடக்கத்துக்குப் போனேனே.” இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி வைத்தார். “என்ன மழை அன்னிக்கு. பாதிரியார் குடை காத்துல மேல திரும்பிக்கிச்சு. ராமிரோ பொண்ணோட ஷூ சேத்துல மாட்டி, நான்தான் குனிஞ்சு எடுத்துக் குடுத்தேன்.”

ஒத்திலியா திரும்பிப் பார்த்தாள். ஷெட்டின் வாசலில் நெரெய்தா நின்றுகொண்டிருந்தாள். இருவர் கண்ணும் சந்தித்தன.

ராமிரோ, எவரிஸ்தோவின் அண்ணன். அந்த மழையும் அந்தக் குடையும் அந்தச் சேறும் லரேதோ கல்லறைத் தோட்டத்தில், ராமிரோவைப் புதைத்த அன்று. போன வருஷத்துக்கு முந்தின வருஷம். இங்கே கோடை தொடங்கியதிலிருந்து ஒரு துளி மழையில்லை.

“கிழவா,” என்றாள் ஒத்திலியா. கோபமில்லாத நேரத்தில் மட்டும் அவள் வாயில் வரும் சொல் அது. “காஸ்துலோ உயிரோட இருக்காரு. காலைல சாயோ கடைக்கு வந்திருக்காரு.”

எவரிஸ்தோ சட்டையின் காலரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அப்ப நான் யாரோட அடக்கத்துக்குப் போனேன்?”

அந்தக் குரல் வானொலிக் குரல் இல்லை. பதில் எதிர்பார்த்து அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு திடீரென்று முகம் இறுகியது.

“நாச்சோதான் உளறியிருப்பான். காலைலயே பீர் குடிக்கிறவன்.”

ஒத்திலியா சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நாச்சோவுக்குப் போன் போட்டாள். அக்கார்டியன் பழுது பார்ப்பவன். குடித்தாலும் பேச்சில் தடுமாறாதவன்.

“நான் அபுந்தியோன்னுதான் சொன்னேன் தீலா. காஸ்துலோவோட அண்ணன். எவரிஸ்தோ கேட்டானே, ‘அப்ப ஞாயித்துக்கெழம காஸ்துலோ வாசிப்பானா’ன்னு. துக்கத்துல இருக்கான், ஆனாலும் வாசிப்பான்னு சொன்னேன். அவனுக்குச் சாப்பாடு எடுத்துட்டுப் போவோம்னு பேசிக்கிட்டோம். இன்னிக்கிப் புத்தகத்தப் பாத்துட்டு, நேத்து ராத்திரி காஸ்துலோவும் போயிட்டானோன்னு பயந்துட்டேன்.”

அவள் போனை வைத்தபோது நெரெய்தா உள்ளே வந்திருந்தாள்.

“காதும்மா,” என்றாள் மகள், அவசரமாக. “இத்தனை வருஷம் ஹெட்போன் மாட்டின காது. அபுந்தியோன்னு சொன்னது காஸ்துலோன்னு விழுந்திருக்கு.”

அபுந்தியோவும் காஸ்துலோவும் எந்தக் காதுக்கும் ஒன்றுபோல் விழாது. இருந்தும் ஒத்திலியா தலையாட்டினாள்.

“ஆமா. காதுதான்.”

இருவரும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

*

பிற்பகலில் மூன்று பேரும் காஸ்துலோ வீட்டுக்குப் போனார்கள். வண்டி நிறுத்த இடமில்லை. தெருவின் இரண்டு பக்கமும் கார்கள்.

முன்வாசல் மரத்தடியில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, தன்னுடைய துக்கத்துக்கு வந்தவர்களைக் காஸ்துலோவே வரவேற்றுக்கொண்டிருந்தார். புதிதாக வெட்டிய முடி. நாற்காலியின் முதுகில் ஒரு மலர்வளையம் தொங்கியது.

“பூ நல்லா இருக்கு,” என்று அதைக் கொண்டுவந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். “என் பேர்லதான் ஒரு எழுத்து தப்பு.”

வந்தவர்களில் பாதிப் பேர் சிரித்தார்கள். பாதிப் பேருக்குச் சிரிக்கலாமா என்று தெரியவில்லை. ஒருத்தி குடல் சூப் பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, இறக்குவதா வேண்டாமா என்று நின்றாள்.

சிரிக்காதவள் ஒருத்தி படியில் நின்றிருந்தாள். காஸ்துலோவின் தங்கை ஒர்தென்சியா. கறுப்பு உடை. அவள் ஒத்திலியாவைப் பார்த்ததும் படியிறங்கி வந்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

“ஒரு அண்ணனப் பொதச்ச மண்ணு இன்னும் என் செருப்புல இருக்கு,” என்றாள். “காலைலேர்ந்து போன். இன்னொரு அண்ணனும் போயிட்டானாமேன்னு. கார்பஸ் ஊர்லேர்ந்து என் அக்கா மகன் வேலைய விட்டுட்டு ஓடி வரான். நான் குளிச்சுட்டு இருந்தேன், மொத போன் வந்தப்ப. இவரு ரொட்டி வாங்கப் போயிருக்காரு, வீட்ல இல்ல. திரும்பி வர்ற வரைக்கும் நான் என்ன நெனச்சிருப்பேன், சொல்லு.”

“மன்னிச்சுக்கோ ஒர்தென்சியா. தப்பு எங்களது.”

“அது போகட்டும். செத்தவனப் பத்தி ஒரு வரி போட்டீங்களா? வாழ்நாள் பூரா இவரு பக்கத்துல நின்னு கிட்டார் வாசிச்சவன். அபுந்தியோன்னு ஒரு ஆளு இருந்தான்னு உங்க புத்தகத்துல எங்கயாவது இருக்கா? படத்துலகூட அவன் தோள வெட்டித்தானே போட்டிருக்கீங்க?”

ஒத்திலியாவுக்கு அந்தப் படம் கண் முன் வந்தது. காஸ்துலோவின் இடப்பக்கம் ஒரு சட்டைக் கையின் ஓரம். பக்கத்தில் அடங்கவில்லை என்று வெட்டச் சொன்னது அவள்தான்.

அப்போது எவரிஸ்தோ அவளைத் தாண்டிப் போனார். நேராகக் காஸ்துலோவிடம் போய், இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். ஆச்சரியமோ சங்கடமோ அவர் முகத்தில் இல்லை.

“கொம்பாத்ரே,” என்றார், உறவுபோல் நெருங்கிய சிநேகிதனை அழைக்கும் சொல்லால். “அபுந்தியோ போயிட்டானே. நான் வர முடியாமப் போச்சு. அவன் கிட்டார் இல்லாம உன் அக்கார்டியனுக்குக் கால் எங்க?”

அது அவ்வளவு சரியான சொல்லாக இருந்தது. காஸ்துலோவின் கண் உடனே நிறைந்தது. ஒர்தென்சியாகூட ஒரு கணம் தணிந்தாள். பிறகு கேட்டாள்.

“இவ்வளவு தெரிஞ்சவரு, ஏன் டோன் எவரிஸ்தோ இப்படி எழுதினீங்க?”

எவரிஸ்தோ வாயைத் திறந்தார். நாற்பது வருஷம் ஒரு நொடி அமைதியைக்கூட ஒலிபரப்பில் விடாத மனிதர். ஒன்றும் வரவில்லை. அவர் கண்கள் கூட்டத்தைத் தாண்டி ஒத்திலியாவைத் தேடின. கூட்டம் காத்திருந்தது.

“நான்தான் எழுத வச்சேன்,” என்றார் காஸ்துலோ.

எல்லாரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

“நாச்சோ மாதிரி கொரல மாத்திப் பேசி நான்தான் போன் பண்ணினேன். உயிரோட இருக்கறவனப் பத்தி யாரு எழுதறா? செத்தா என்ன எழுதுவாங்கன்னு பாக்க ஒரு ஆச. பாவம், நம்பிட்டான்.”

“அப்ப என் சூப்பத் திருப்பிக் குடு,” என்றாள் பாத்திரக்காரி. கூட்டம் சிரித்தது. திட்டியது. ஒருவர் காஸ்துலோவின் தொப்பியைத் தட்டிவிட்டார். ரேடியோக்காரர்களுக்கு யார் சொல்வது என்று இரண்டு பேர் வாதாட ஆரம்பித்தார்கள்.

ஒர்தென்சியா சிரிக்கவில்லை. அண்ணனை உற்றுப் பார்த்தாள். அண்ணன் கையை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்த எவரிஸ்தோவைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இருந்த இடத்தில் வேறு ஏதோ வந்தது. உள்ளே போய் இன்னொரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள்.

“உக்காருங்க டோன் எவரிஸ்தோ,” என்றாள். “சூப் ஆறுது.”

*

ஒத்திலியா சமையலறையில் கிண்ணம் கழுவப் போனாள். எதையாவது கழுவினால் தேவலை போலிருந்தது. காஸ்துலோ காப்பி ஊற்ற வந்தவர் மாதிரி உள்ளே வந்தார்.

“எதுக்குப் பொய் சொன்னீங்க?” என்றாள், திரும்பாமலே.

“பழக்கம்.”

அவர் காப்பி ஊற்றவில்லை. மேசையோரம் நின்றுகொண்டார்.

“அபுந்தியோவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. மேடையில ஒரு போல்கா முடியும். ஜனங்க கைதட்டி ஓயறதுக்குள்ள அதே போல்காவ மறுபடி எடுப்பான். நான் அவன் ஷூவ ஒரு ஒதை ஒதைப்பேன். நிறுத்திடுவான். யாருக்கும் தெரியாது. பீர் அதிகமாயிடுச்சுன்னு சொல்லிச் சிரிப்பேன். ரெண்டு மூணு வருஷம் ஒதைச்சுக்கிட்டே இருந்தேன் தீலா. கடசீல அவனுக்கு நான் யாருன்னு மறந்துபோச்சு. ஆனா ஒதைக்கிறவன்னு மட்டும் ஞாபகம் இருந்துச்சு. என்னப் பாத்தா காலப் பின்னால இழுத்துக்குவான்.”

குழாயிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஒத்திலியா அதை மூடினாள்.

“இது காது,” என்றாள்.

“இருக்கலாம்.”

“ஹெட்போன் மாட்டி மாட்டி...”

“இருக்கலாம் தீலா. நான் டாக்டர் இல்ல.”

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த பிறகும் துணியை விடவில்லை. எவ்வளவு நாளாக அவளுக்கு இது தெரியும்? போன மாதம் ஒரே பேட்டியை இரண்டு தரம் எடுத்து வந்தார். ஈஸ்டர் சமயத்தில் பக்கத்துத் தெரு டயர் கடைக்குப் போனவர் இருட்டும் வேளையில்தான் திரும்பினார், பழைய சிநேகிதனைப் பார்த்தேன் என்றார். ஒவ்வொரு தடவையும் அவள் களைத்திருந்தாள். களைப்பில் நம்புவதுதான் சுலபம்.

“வெளிய நீங்க சொன்ன அந்தப் போன் கதைய நான் புத்தகத்துல போட மாட்டேன்,” என்றாள். “தப்பு எங்களதுன்னுதான் போடுவேன்.”

“போடு. அபுந்தியோவப் பத்தியும் போடு. முழுப் பக்கம்.”

“நானே எழுதறேன்.”

“நீ எழுதாத. அவன் எழுதட்டும். அபுந்தியோ வாசிப்பு என்னன்னு தெரிஞ்சவங்கள்ல உயிரோட இருக்கிறது நானும் அவனும்தான். எனக்கு எழுத வராது.”

வாசலில் நிழல் அசைந்தது. நெரெய்தா. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. கையில் காலிக் கிண்ணங்கள். அவற்றைத் தொட்டியில் வைத்துவிட்டு, “அப்பா வண்டியில உக்காந்துட்டாரு. போலாங்கறாரு,” என்றாள். அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

*

நெரெய்தா ஒர்தென்சியாவிடம் விடைபெறப் போயிருந்தாள். வண்டியில் எவரிஸ்தோவும் ஒத்திலியாவும் மட்டும். வெயிலில் நின்ற வண்டி உலைபோல் கொதித்தது. இருவரும் கண்ணாடியை இறக்கினார்கள்.

“காஸ்துலோ போன் பண்ணல,” என்றார் எவரிஸ்தோ. “எனக்காகப் பொய் சொன்னான்.”

“தெரியும்.”

“எனக்கும் தெரியும் தீலா. வசந்த காலத்துலேர்ந்தே தெரியும். ஒருநாள் பெட்ரோல் பங்க்ல நின்னேன். வீட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமான்னு தெரியல. நான் பொறந்த தெரு அது. ஒரு பையன்கிட்ட வழி கேட்டேன்.”

அவள் ஜன்னல் வழியே வெளியே பார்த்தாள். மலர்வளையத்தை இப்போது யாரோ மரக்கிளையில் மாட்டியிருந்தார்கள்.

“டாக்டர்கிட்ட போனேன்,” என்றார்.

“எப்ப?”

“ரெண்டு தரம். பஸ்ல.”

நோய் என்ற சொல்லை அவள் மத்தியானத்திலிருந்தே மனசுக்குள் உருட்டிக்கொண்டிருந்தாள். அது வந்தபோது அவ்வளவாக வலிக்கவில்லை. இந்த ஆள் தனியாக பஸ் ஏறிப் போய், அந்த அறையில் தனியாக உட்கார்ந்திருந்தார் என்பதுதான் நெஞ்சில் இறங்கியது.

“என்னக் கூப்பிட்டிருக்கலாம்ல?”

“நீ அச்சு வேலையில இருந்த. கண்ணெல்லாம் செவந்திருந்துச்சு.” அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். “வர்ற செவ்வாய்க்கெழம வரச் சொல்லியிருக்காரு. வீட்லேர்ந்து யாரையாவது கூட்டிட்டு வாங்கன்னாரு.”

“நான் வரேன்.”

“பொண்ணுக்குச் சொல்லாத. அவளுக்கு அந்த ஹூஸ்டன் வேலை இருக்கு. கெடுத்துக்குவா.”

ஒத்திலியா திரும்பினாள். “ஹூஸ்டன் விஷயம் உனக்கு எப்படித் தெரியும்?”

எவரிஸ்தோ யோசித்தார். நெற்றி சுருங்கியது. “அவதான் சொன்னா. இல்ல... நீயா? யாரோ சொன்னீங்களே.”

பின்கதவு திறந்தது. நெரெய்தா ஏறி, இதழ்க் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்தாள். சாவியை அம்மாவிடம் நீட்டினாள். “நீ ஓட்டும்மா.” பிறகு முன் இருக்கையின் மேல் கை வைத்து அப்பாவின் தோளைத் தொட்டாள்.

“நான்தான்ப்பா சொன்னேன். திங்கக்கெழம. தோட்டத்துல தண்ணி பாய்ச்சிட்டு இருந்தீங்க.”

“பாத்தியா?” என்றார் எவரிஸ்தோ, ஆறுதலாக. “சொன்னேன்ல.”

ஒத்திலியா பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் மகளின் முகத்தைத் தேடினாள். நெரெய்தா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மையாகவே சொன்னாளா, அல்லது காஸ்துலோ செய்ததை இவளும் இப்போது செய்கிறாளா என்று கேட்க ஒத்திலியாவுக்குத் தைரியமில்லை. சாவியைத் திருகினாள். வண்டி இரண்டு தரம் இருமிவிட்டுக் கிளம்பியது.

*

வீட்டுக்கு வந்ததும் நெரெய்தா திருத்தத்தை எழுதி அம்மாவிடம் காட்டினாள். காஸ்துலோ பெர்லாங்கா உயிருடன் இருக்கிறார். மறைந்தவர் அவருடைய அண்ணன் அபுந்தியோ. தவறு எங்களுடையது, குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்கிறோம். ஒத்திலியா ஒரு சொல்லையும் மாற்றவில்லை. “போடு,” என்றாள்.

நெரெய்தாவின் போன் அடித்தது. திரையில் ஹூஸ்டன் எண்ணைப் பார்த்தாள். அங்கேயே எடுக்காமல் பின்வாசல் வழியாக வெளியே போனாள். கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. துணிகளுக்கு அந்தப் பக்கம் அவள் கால்கள் மட்டும் தெரிந்தன, போவதும் வருவதுமாக.

சமையலறை மேசையில் எவரிஸ்தோ உட்கார்ந்திருந்தார். சாயங்கால வெளிச்சம் ஜன்னல் வழியாக மேசைமேல் விழுந்திருந்தது. ஒத்திலியா மடிக்கணினியைத் திறந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

“இப்பவேயா?” என்றார். “களைச்சிருக்க.”

“இப்பவே. சொல்லு, நான் அடிக்கிறேன்.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடியதும் குரல் மாறியது. பழைய குரல்.

“அபுந்தியோ பெர்லாங்கா மேடையில் ஒருநாளும் முன்னால் வந்து நின்றதில்லை. பன்னிரண்டு கம்பியுள்ள அந்தக் கிட்டாரை வயிற்றோடு சாய்த்துக்கொண்டு, தம்பிக்கு அரையடி பின்னால் நிற்பான். ஆடுகிறவர்கள் அக்கார்டியனைக் கேட்டதாக நினைத்தார்கள். அவர்கள் கால்கள் கேட்டது அவனை. காஸ்துலோ வேகமெடுத்து ஓடும்போதெல்லாம் அவன் ஓடாமல் நின்றான். அதனால்தான் தம்பி திரும்பி வர ஒரு இடம் இருந்தது.”

ஒத்திலியாவின் விரல்கள் வேகமாக ஓடின. ஒரு காற்புள்ளியையும் எடுக்கத் தோன்றவில்லை. அவர் சொல்லிக்கொண்டே போனார். அபுந்தியோவின் சிரிப்பு, அவன் கட்டைவிரல் தழும்பு, கம்பி அறுந்த ஒரு கல்யாணத்தில் மீதிக் கம்பிகளை வைத்து விடியும்வரை அவன் வாசித்தது. இந்த மனிதரிடமா ஏதோ குறைகிறது என்று அவளுக்குத் தோன்றியது. செவ்வாய்க்கிழமை அந்த டாக்டர் சிரித்துவிட்டு அனுப்பிவிடுவார் என்றுகூட ஒரு கணம் நினைத்தாள்.

குரல் நின்றது.

அவள் நிமிர்ந்தாள். எவரிஸ்தோ கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பயந்த முகமில்லை. சரிபார்த்துக்கொள்ள வேண்டிய ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளும் பத்திரிகைக்காரனின் முகம்.

“தீலா, அபுந்தியோதானே செத்தது?”

“ஆமா,” என்றாள். “அபுந்தியோதான்.”

“சரி,” என்றார். “எழுது.”